கருப்பை என்ற படிமமும் கர்ப்பப்பை என்ற உறுப்பும்

தமிழ்ப் புதுக்கவிதையில் கருப்பைக்கு ஓய்வு கிடையாது. இருட்டைச் சொல்ல வேண்டுமா, கருப்பை. மண்ணைச் சொல்ல வேண்டுமா, கருப்பை. கடல், கிணறு, குகை, மௌனம், மொழி, தேசம், இன்னும் எழுதப்படாத கவிதை, எல்லாம் அதற்குள்தான் கிடக்கின்றன. ‘கருவறை’ என்று போட்டுவிட்டால் இன்னும் வசதி. கோயிலும் வந்துவிடுகிறது, தாயும் வந்துவிடுகிறாள். ஒரு சொல்லுக்கு இரண்டு கூலி. உதாரணம் தேடி எங்கும் அலைய வேண்டாம், இந்தப் பத்திரிகையின் பழைய இதழ்களைப் புரட்டினாலே போதும். பெயர்களை நான் சொல்லப் போவதில்லை. எழுதியவர்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களும் பெரும்பாலும் அவர்களேதான்.

இதே உறுப்பை ஜனங்கள் கர்ப்பப்பை என்கிறார்கள். அதில் கட்டி வளர்கிறது. அது கீழே இறங்கிவிடுகிறது. மாதத்தில் பாதி நாள் ரத்தம் நிற்காமல் போகிறது. கடைசியில் அதை அறுத்து எடுக்கிறார்கள். ‘எடுத்தாச்சு’ என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்கிறார்கள். எதை என்று கேட்க வேண்டியதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் இந்த அறுவை நடந்திருக்கிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் விகிதம் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தனியார் ஆஸ்பத்திரிகளில் நடந்தவை. பக்கத்து வீட்டிலும் பெரியம்மா வீட்டிலும் நடக்கிற இந்த விஷயம் நம் பக்கங்களுக்குள் எப்படி நுழையாமலே இருந்தது? விதிவிலக்குகள் உண்டு. நான் விதியைப் பற்றிப் பேசுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கருப்பையைப் பற்றி நாம் குவித்து வைத்திருக்கும் படிமங்கள், கர்ப்பப்பையைக் கண் கொண்டு பார்க்க முடியாமல் செய்துவிட்டன. இந்தக் குருட்டுத்தனத்துக்கும், தேவையில்லாமல் அது அறுத்தெறியப்படுவதற்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றே: அது பிள்ளை பெறுவதற்கான சாமான், வேறு எதுவும் இல்லை. கவிஞன் அதை வணங்குகிறான், ஆஸ்பத்திரி அதைக் கழித்துக் கட்டுகிறது. இரண்டு பேருக்கும் அது ஒரு பெண்ணின் உடம்பில் நோயும் வலியும் படும் உறுப்பாகத் தெரிவதில்லை.

*

சொந்த விஷயத்தை மறைத்துக்கொண்டு இதை எழுதுவது நாணயமாகாது. எனக்கு வயது 38. கல்யாணம் ஆகவில்லை. வங்கியில் குமாஸ்தா, பாதி நாள் கேஷ் கவுண்டர். கேஷில் உட்கார்ந்தவள் நினைத்தபோது எழுந்து போக முடியாது. பணத்தைப் பூட்ட வேண்டும், கூண்டைப் பூட்ட வேண்டும், வரிசையில் நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். மூன்று வருஷம் கருப்புப் புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் துண்டை மடித்துப் போட்டு உட்கார்ந்தேன். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே போனது. ரத்தம் ஏற்றினார்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த மாத்திரை, பிறகு ஹார்மோன் மாத்திரை, பிறகு உள்ளே வைக்கிற ஹார்மோன் வளையம். வளையம் மூன்றாம் மாதம் ரத்தத்தோடு வெளியே வந்து விழுந்தது.

கட்டிகள் ஒன்றல்ல, பல. மொத்தம் ‘பதினாறு வார அளவு’ என்றார் டாக்டர். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்தால் மருத்துவத்தில் அப்படித்தான் அளக்கிறார்கள். எத்தனை வாரக் கர்ப்பம் போலப் பெருத்திருக்கிறது என்று. கர்ப்பமே இல்லாத இடத்திலும் கர்ப்பமே அளவுகோல். இதைச் சொன்ன டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் மூன்று வருஷம் தயங்கியதற்கு மருத்துவக் காரணம் பாதிதான். மீதிக் காரணம், ‘இனிமே கல்யாணம் ஆனா?’ எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்டபோது அவர் என் அண்ணனை அழைத்துவரச் சொன்னார். அண்ணன் வந்தான், தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான், போனான். கையெழுத்து நான்தான் போட்டேன்.

பக்கத்துப் படுக்கைப் பெண்ணுக்கு 31 வயது. செங்கல் சூளையில் வேலை. இரண்டு பிள்ளைகள். வெள்ளைப்படுதல், இடுப்புவலி என்று போனவளுக்கு ஒரு ஸ்கேன், ஐந்தாம் நாள் ஆபரேஷன். “இப்பவே எடுத்துடணும், வுட்டா புத்துநோயாவும்னு சொல்லிட்டாங்கக்கா. ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனிமே அத வச்சிக்கினு என்னா பண்ணப் போறேன்?” வெள்ளைப்படுதலுக்கு மாத்திரை இருக்கிறது. அவளுக்கு அதைத் தந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு படுக்கைகளையும் சேர்த்துப் பாருங்கள். நோய் முற்றிய எனக்கு மூன்று வருஷத் தயக்கம், அவளுக்கு ஐந்து நாள் அவசரம். நான் பெற வேண்டியவள், அவள் பெற்று முடித்தவள். கத்தியை நகர்த்தியது நோயைவிட இந்தக் கணக்குத்தான். கவிதையிலும் இதே கணக்குத்தான் ஓடுகிறது என்பது என் குற்றச்சாட்டு.

அவள் டிஸ்சார்ஜ் ஆன அன்று காகிதத்தை என்னிடம் நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னாள். முழுக்க ஆங்கிலம். நடுவில் சுருக்கெழுத்துகள்: டி.ஏ.எச்., பி.எஸ்.ஓ. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அவளுக்கு அது தெரியாது. நான் படித்த பி.ஏ. ஆங்கிலம் ஒருத்திக்கு உபயோகப்பட்டது என்றால் அன்றைக்குத்தான், அதுவும் பாதிதான். ஏனென்றால் அதைத் தமிழில் சொல்ல வந்தபோது எனக்கு வாய் வரவில்லை. ‘சினைப்பை’ என்றேன், அவளுக்குப் புரியவில்லை. ‘சூலகம்’ என்பதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. கடைசியில் ‘முட்டைப் பை’ என்றேன். 31 வயதில் அதை எடுத்துவிட்டால் மாதவிடாய் நின்றுபோகிற பருவம் ஒரே நாளில் வந்துவிடும், உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், எலும்பு சீக்கிரம் தேயும், இருதயத்துக்கும் நல்லதல்ல, அதற்கு மாற்று மருந்து தர வேண்டும், கேட்டு வாங்கு. இந்த ஐந்து வாக்கியங்களைத் தமிழில் கோர்க்க நான் பட்ட பாடு ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதியபோதுகூடப் பட்டதில்லை. இருபது வருஷமாகச் சிறு பத்திரிகை படிக்கிறேன், எழுதுகிறேன். கருப்பைக்கு நூறு உவமை என் மண்டையில் தயாராக இருந்தது. அவளுக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை.

*

இது ஓர் ஆஸ்பத்திரியின், ஒரு டாக்டரின் கோளாறு என்று ஒதுக்கிவிட முடியாது. மகாராஷ்டிரத்தில் பீட் மாவட்டத்திலிருந்து வருஷாவருஷம் கரும்பு வெட்டப் போகிறார்கள். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்பது கணக்கு. ஒருவர் ஒரு நாள் நின்றாலும் 500 ரூபாய் வரை பிடித்தம் என்று செய்திகள் வந்தன. மாதவிடாய் என்று படுத்தால் கூலி போகும். 2019இல் மாநில அரசு அமைத்த குழு அந்த மாவட்டத்தில் 82,309 பெண்களைக் கணக்கெடுத்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ ஆறில் ஒருத்தி. சத்தீஸ்கரிலும் பீகாரிலும் ராஜஸ்தானிலும் வேறு கதை. அங்கே ஏழைகளுக்கான காப்பீட்டு அட்டையைக் காட்டிப் பணம் பெறத் தேவையில்லாமல் அறுத்தார்கள் என்று 2013இல் நரேந்திர குப்தா என்ற டாக்டர் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். 2023 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் எல்லா மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்றது.

இன்னொரு வழக்கும் உண்டு, சமீரா கோலி வழக்கு. 1995இல் டில்லியில் 44 வயதான, கல்யாணமாகாத பெண் ஒருத்தி, என்ன நோய் என்று உள்ளே கருவி விட்டுப் பார்க்கும் சோதனைக்கு ஒப்புக்கொண்டு படுக்கிறாள். மயக்கத்தில் இருக்கிறாள். வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடுகிறார்கள். விழித்து எழுந்தவள் வழக்குப் போட்டாள். புத்தி தெளிவாக உள்ள ஒரு பெண்ணின் உடம்புக்கு அம்மாவின் சம்மதம் செல்லாது என்று சொல்ல உச்ச நீதிமன்றத்துக்கு 2008 ஆயிற்று. நஷ்ட ஈடு 25,000 ரூபாய். என் அண்ணனை அழைத்துவரச் சொன்ன டாக்டர் இந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும். நாமும் படித்திருக்க வேண்டும். ஒரு நாவலுக்கான விஷயம் அதில் இருக்கிறது என்று நம்மில் எவருக்கும் தோன்றவில்லை.

இதனால் எல்லா அறுவையும் சதி என்று கொடி பிடிக்கிறவர்களோடு நான் சேரப் போவதில்லை. என் அறுவை தேவையான அறுவை. எனக்கு அது விடுதலை, சந்தோஷமாகவே இருக்கிறேன். இன்னொருத்திக்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும், வேறொருத்திக்குக் கட்டிக்குப் போகும் ரத்தக் குழாயை அடைத்தால் போதும், பலருக்கு மாத்திரை போதும். சாதாரணக் கட்டி புற்றாக மாறுவது மிக அபூர்வம். இதையெல்லாம் டாக்டரிடம் கேட்கத் தெரிய வேண்டும். கேட்பதற்கு முதலில் வார்த்தை வேண்டும். வார்த்தை எழுத்துக்காரன் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லையா?

*

படிமத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடலாம். குகை, அறை, வெற்றிடம் என்று எழுதுகிறார்கள். கர்ப்பம் இல்லாத கர்ப்பப்பை குகையே அல்ல. பேரிக்காய் அளவுக்குக் கெட்டியான ஒரு தசை. உள்ளே முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இடைவெளி ஒரு கீறல்தான். அதை எடுத்த பிறகு உண்டாகும் ‘சூன்யம்’ என்பதும் கிடையாது. குடல் நகர்ந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. நான் விடுப்பில் இருந்தபோது நண்பர் ஒருவர், என்மேல் உண்மையான அன்புள்ளவர், ஒரு கவிதை எழுதி அனுப்பினார். அதில் நான் பறவை போய்விட்ட கூடு. எந்தப் பறவை? என்னிடமிருந்து போனது முக்கால் கிலோ கட்டி. அதைப் பறவை என்று அவர் கருதினால் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் அது கூட்டைத் தின்றுகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

இதைவிட நல்ல உரைநடை என் திசு பரிசோதனை அறிக்கையில் இருந்தது. இத்தனை சென்டிமீட்டர், இத்தனை கிராம். கட்டிகள் எத்தனை, எந்தெந்த இடத்தில். அறுத்த பரப்பு சாம்பல் கலந்த வெள்ளை, சுருள் சுருளாக இழையோட்டம். எழுதியவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறார். பார்த்ததற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஸ்தூலமான பொருளை நேராகப் பார், வேண்டாத சொல்லை வெட்டு என்று நாம் மேடையில் முழங்குகிறோம். அதைச் செய்து காட்டியவர் பார்மலின் ஜாடியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர்.

அறுவைக்குப் பின்னான நாட்களில் நான் கவனித்தது, எங்கும் பிள்ளைப்பேற்றின் சொற்களே கடனாக வந்து நின்றன. வங்கி ஊழியர் இருதரப்பு ஒப்பந்தத்தில் கர்ப்பப்பை அறுவைக்கு 60 நாள் வரை விடுப்பு உண்டு. அது எந்தத் தலைப்பில் இருக்கிறது? மகப்பேறு விடுப்பில். அந்த விடுப்பின் மொத்த வரம்பான 12 மாதத்துக்குள்தான் இந்த 60 நாளும் அடங்கும். கல்யாணமாகாத எனக்கு, இனிப் பெறவே முடியாது என்று சான்றிதழ் இணைத்த விண்ணப்பத்தின் பேரில் மகப்பேறு விடுப்பு அனுமதிக்கப்பட்டது. சிரிக்கலாம். ஆனால் அந்த ஷரத்தை எழுதிய தொழிற்சங்கக்காரர்களும் நிர்வாகத்தாரும் அந்த அறுவையைப் பெயர் சொல்லி எழுதினார்கள், நாள் எண்ணி எழுதினார்கள். நம் கவிதையைவிட நம் விடுப்பு விதி ஒரு படி முன்னால் நிற்கிறது.

அம்மாவும் கடன்தான் வாங்கினாள். ‘பச்சை உடம்பு’ என்றாள். பூண்டுக் குழம்பு வைத்தாள், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னாள், குளிர்ந்த தண்ணீர் கூடாது என்றாள். பெறாதவளுக்குப் பெற்றவளின் பத்தியம். ஆனால் அம்மாவின் கடன் கவிஞனின் கடன் அல்ல. அவளுக்குத் தெரிந்த ஒரே வயிற்றுப் புண் பிரசவம். அதிலிருந்து தெரிந்ததை எடுத்து என் உடம்பைப் பார்த்துப் பிரயோகித்தாள். பொருந்தாததை மூன்றாம் நாளே விட்டுவிட்டாள். ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி, காலைத் தொங்கவிட்டு எழுந்திரு என்றாள். நர்ஸ் சொன்னதும் அதேதான். படிமத்தைக் கையாளுகிறவன் அம்மாவிடம் கற்க வேண்டியது இது: பொருளின் மேல் வைத்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் எடுத்துவிடுவது.

மீட்சி என்பதையும் நாம் பெரிய வார்த்தையாக்கி வைத்திருக்கிறோம். அது எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். முதல் இரண்டு நாள் டாக்டர், நர்ஸ், அம்மா, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: காற்றுப் பிரிந்ததா? அது பிரிந்தால்தான் கஞ்சி. தும்மல் வந்தால் தலையணையை அடிவயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். சிரிப்பு ஒரு தண்டனை. ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது, குக்கர் தூக்கக் கூடாது. உள்ளே போட்ட தையல் கண்ணுக்குத் தெரியாது. வெளியே ஆறிவிட்டதே என்று அலட்சியமாக இருக்கிறவர்களுக்கு உள்ளே பிரிந்துகொள்ளும். சினைப்பைகளை விட்டுவைத்திருப்பதால் இப்போதும் மாதம் ஒருமுறை மார் கனக்கிறது, எரிச்சல் வருகிறது, தேதி வருகிறது. ரத்தம் மட்டும் வருவதில்லை. விட்டுவைத்தாலும் அந்தப் பருவம் மற்றவர்களைவிடச் சில வருஷம் முந்தி முடியக்கூடும் என்று சொல்லியிருக்கிறார்கள். வங்கிக்குத் திரும்பி, துண்டு இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். இதில் சோகம் எங்கே, காவியம் எங்கே? செங்கல் சூளைக்காரி இருபதாம் நாள் கல் சுமக்கப் போயிருப்பாள் என்பதில் இருக்கிறது. அவளுக்கு 60 நாள் விடுப்பு தர எந்த ஒப்பந்தமும் கிடையாது.

*

இது மருத்துவ விஷயம், இலக்கியத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்கப்படும். 1926 ஜனவரியில் வர்ஜீனியா உல்ஃப், நோயைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலும் போரும் பொறாமையும் போல நோய் ஏன் இலக்கியத்தின் பெரிய விஷயமாகவில்லை, தலைவலியை டாக்டரிடம் சொல்ல வந்தால் ஏன் மொழி வறண்டு போகிறது என்பது அதில் அவர் கேள்வி. அதை வெளியிட்டது எலியட் நடத்திய பத்திரிகை. எலியட்டுக்கு அதில் உற்சாகம் இல்லை என்று உல்ஃப் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். எலியட்டும் 1917 முதல் 1925 வரை வங்கி குமாஸ்தாதான். அவரை மன்னிக்க எனக்குச் சுலபமாக இல்லை. நூறு வருஷம் ஆகிறது. எலியட்டை நாம் கரைத்துக் குடித்தோம். உல்ஃபின் அந்தக் கேள்வியை எடுத்துக்கொள்ளவில்லை.

மேற்கிலும் இந்த உறுப்பு படிமமாகிப் பெண்களைப் படுத்தியதுதான். ஹிஸ்டீரியா என்ற சொல்லே கர்ப்பப்பைக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஹிலரி மேன்டலின் வயிற்று வலியை மனநோய் என்று சொல்லி மனநோய் மருந்து கொடுத்தார்கள். 1979இல், 27 வயதில், கர்ப்பப்பையும் சினைப்பைகளும் எடுக்கப்பட்டன. அதை அவர் 2003இல் சுயசரிதையாக எழுதினார், அழாமல், கோபத்தோடு. அமெரிக்கக் கவிஞர் லூஸில் கிளிஃப்டன் எடுக்கப்படவிருக்கும் தன் கர்ப்பப்பையிடமே பேசுகிற கவிதை ஒன்று 1991இல் வந்த தொகுப்பில் இருக்கிறது. வீட்டில் புழங்கும் சாமான்கள் அதில் உவமையாகின்றன. உவமையே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கட்சி கட்ட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நம்மிடமே இல்லையா? புறநானூற்று 86ஆம் பாட்டில் காவற்பெண்டு, மகன் எங்கே என்று கேட்டவளிடம், புலி தங்கிப் போன கல்குகை போல என் வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில் கிடைப்பான் என்கிறாள். அங்கே குகை பொருந்துகிறது. பேசுகிறவள் அவள், வயிறு அவளுடையது, புலி உண்மையிலேயே இருந்துவிட்டுப் போயிருக்கிறது. நாம் புலியை விட்டுவிட்டோம், பேசுகிறவளையும் விட்டுவிட்டோம், குகையை மட்டும் பரம்பரைச் சொத்தாக வைத்துக்கொண்டு இரண்டாயிரம் வருஷமாக வாடகைக்கு விடுகிறோம்.

நோய்க்குச் சொல்லும் இருந்தது. நிற்காத உதிரப்போக்குக்குச் சித்த வைத்தியத்தில் ‘பெரும்பாடு’ என்று பெயர். தமிழ் பைபிளில் பன்னிரண்டு வருஷம் ரத்தம் போய்க்கொண்டிருந்த பெண்ணுக்கும் இதே சொல். அந்தக் கதையை மாற்கு சொல்லும்போது, அவள் பல வைத்தியர்களிடம் பாடுபட்டு, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்து, இன்னும் மோசமானாள் என்கிறார். லூக்காவும் அதே கதையைச் சொல்கிறார்; மோசமானாள் என்பது மட்டும் காணோம். லூக்கா வைத்தியர் என்பது மரபு. சம்பவத்தைச் சொல்லும்போது எதைச் சொல்வது எதை விடுவது என்பதில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். விமர்சனம் என்று நாம் செய்வது இதைத்தானே? பெரும்பாடு போன்ற ஒரு சொல்லைக் கைவிட்டு, ‘சிவப்புப் பூக்கள்’ என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது?

2002இல் குட்டி ரேவதியின் ‘முலைகள்’ தொகுப்பு வந்தபோதும், அதை ஒட்டி மற்றப் பெண் கவிஞர்கள் எழுதியபோதும் ஆபாசம் என்று கூச்சல் போட்டவர்கள் தோற்றார்கள். அந்த வெற்றி பெரியது; நான் இந்தக் கட்டுரையை எழுத முடிவதே அதனால்தான். ஆனால் பின்னால் வந்தவர்கள் அந்த உடலில் காமத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீண்டும் மலையும் நதியுமாக்கிவிட்டார்கள். ஸ்கேன் அறைக்கு வெளியே மூன்று செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மூத்திரத்தை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் உடம்பு, இன்னும் வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிரச்சாரம் என்பார்கள். ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதை அவளுக்குப் புரியும் தமிழில் சொல்வது பிரச்சாரம் என்றால், எனக்குச் சம்மதம். ஆனால் அதைச் சொல்லும் தமிழ் இன்னும் செய்யப்படவில்லை, அதைச் செய்வது எழுத்தாளனின் வேலை என்பதுதான் என் வாதம். டாக்டர் செய்ய மாட்டார், அவருக்கு ஆங்கிலச் சுருக்கெழுத்துப் போதும். அரசாங்கம் செய்தால் ‘சூலக நீக்கம்’ என்று வரும்.

ஆசிரியர் குழுவுக்கு ஒரு யோசனை. இனி வரும் கவிதைகளில் ‘கருப்பை’ என்ற சொல் இருந்தால், அந்த இடத்தில் ‘பானை’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். கவிதைக்கு ஒரு சேதமும் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடலாம். மிச்சமாகும் பக்கங்களில் அறுவை நடந்த பெண்கள் தாங்களே எழுதியதைப் போடலாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல நாம் எழுதலாம். நம்மில் ஏழெட்டுப் பேருக்காவது வீட்டிலேயே அப்படி ஓர் அம்மாவோ அக்காவோ மனைவியோ இருக்கிறாள். என்ன எடுத்தார்கள், எதற்கு என்று சொன்னார்கள், யார் கையெழுத்துப் போட்டது, எத்தனையாம் நாள் வேலைக்குப் போனாய் என்று அவளிடம் கேளுங்கள். பதிலை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள்.